நடுவில் நிறமில்லாத எலும்பு

சின்னவளின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தொடையெலும்பு குட்டையாக இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொன்ன நாளிலிருந்து அவளுடைய அக்காள் பெரியவளும் கூடவே ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். பிறகு பனிக்குட நீரைச் சோதித்த முடிவும் வந்தது. எலும்பு வளர்ச்சிக்கான மரபணு ஒன்றில் மாற்றம். அந்த மரபணுவின் பெயரைப் படித்த பெரியவள் மறுபடி ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஆய்வுக்கூடத்தில் அவள் எலிகளில் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே மரபணுதான்.

அபூர்வமான மாற்றம், பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சின்னவள் நேரே அக்காளைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் எலிங்களுக்கு என்னதான் ஆகுது? மழுப்பாம சொல்லு."

"சாயம் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்டி."

"ஊருக்கெல்லாம் நீ எலி டாக்டர். தங்கச்சி கேட்டா மட்டும் பாத்துட்டுச் சொல்வே."

கருவில் எலும்பு எடுத்த எடுப்பில் எலும்பாக வருவதில்லை. முதலில் குருத்தெலும்பு. பிறகுதான் அதன் நடுப்பகுதியில் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகி எலும்பாகும். இதைக் கண்ணால் பார்க்க, செத்த எலிக்குட்டியின் தோலை உரித்து இரண்டு சாயங்களில் ஊறவைப்பார்கள். நீலம் குருத்தெலும்பைப் பிடிக்கும், சிவப்பு எலும்பைப் பிடிக்கும். சதையைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டால் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். நல்ல குட்டியின் தொடையெலும்பு இரு முனைகளிலும் நீலமாகவும் நடுவில் சிவப்பாகவும் இருக்கும். மாற்றம் உள்ள குட்டிகளில் முனைகள் மட்டுமே நீலமாயிருந்தன. சிவப்பு மருந்துக்கும் இல்லை.

பார்த்த கையோடு தங்கைக்குப் போன் போட்டாள். "எலும்பே உருவாகலடி" என்று சொன்னாள். பதிலுக்கு மாப்பிள்ளையின் குரல்தான் வந்தது. "என்னக்கா சொன்னீங்க? சுவத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா."

மறுநாள் காலை படம் எடுப்பதற்காகக் குட்டிகளை மறுபடி நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். இடுக்கியால் காலைத் திருப்பியவளுக்கு என்னவோ உறுத்தியது. எலும்பு உருவாகவே இல்லையென்றால் பழைய குருத்தெலும்பு அப்படியே கிடக்க வேண்டும், நடுவிலும் நீலம் இருக்க வேண்டும். இங்கே நடுப்பகுதி வெறும் கண்ணாடிக் குழாயாக இருந்தது. வடிவம் இருந்தது, நிறம் இல்லை. குடியிருந்தவர்கள் சாமான்களை வாரிக்கொண்டு போன வீடு மாதிரி.

நீலச் சாயம் அமிலத்தில் கரைக்கப்பட்டது. அதில் அளவுக்கு மீறி ஊறினால், இருக்கிற சுண்ணாம்பையெல்லாம் அமிலம் தின்றுவிடும். அதன் பிறகு சிவப்பு எதைப் பிடிக்கும்?

சாயம் மாற்றுபவரைத் தேடி ஓடினாள். விரல் நுனிகளில் கறை போகாததால் அவருக்கு நீலக்கை என்றே பெயர்.

"நீலக்கை, வார இறுதிக்கு முன்னாடி எல்லாத்தையும் நீலத்துலேருந்து எடுத்துட்டீங்கல்ல?"

"மேஜைல இருந்ததையெல்லாம் எடுத்துக் கழுவி வச்சுட்டேன்."

"என் தனிப் புட்டி?"

"அது எங்க மேஜைல இருந்துச்சு? நீங்கதானே அலமாரில வச்சுப் பூட்டிட்டுப் போனீங்க. நகையா வச்சிருக்கீங்கன்னு நான்கூடக் கேட்டேனே."

கேட்டார்தான். மாற்றமுள்ள குட்டிகள் மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அவற்றைத் தனியே பிரித்துப் பூட்டியது அவள்தான். பூட்டிய கையோடு தங்கையுடன் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள். திரும்பி வந்து, அலமாரிச் சாவி அவரிடமும் இருந்ததால் அவர் கழுவியிருப்பார் என்ற நினைப்பில் சிவப்பில் போட்டுவிட்டாள். நல்ல குட்டிகள் வேளைக்கு வெளியே வந்துவிட, இவை மட்டும் விடுமுறை முழுக்க அமிலத்தில் கிடந்திருக்கின்றன.

தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"டாக்டர்கிட்ட முடிவு சொல்லப் போறதக் கொஞ்சம் தள்ளிப்போடுறியா? நான் சொன்னது தப்பா இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"இன்னொரு ஈத்துக் குட்டிங்க இருக்கு. திரும்பப் பண்றேன்."

"நேத்து எலும்பே இல்லன்னே. இன்னைக்கு இருக்கலாங்கறே. என் வயித்துல என்ன பல்லாங்குழியா ஆடறே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஆனால் மாப்பிள்ளை டாக்டரிடம் பேசி ஒரு வாரம் தவணை வாங்கினார். அதற்கு மேல் தாமதிக்க முடியாது என்றாராம் டாக்டர்.

இந்த முறை உடன்பிறந்த குட்டிகள் எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டாள். அடையாளத்துக்கு நல்லவற்றின் வால் நுனியை மட்டும் நறுக்கினாள். நீலத்திலிருந்து தானே எடுத்தாள், தானே கழுவினாள். சிவப்பில் போட்ட பிறகு ஆய்வுக்கூடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை. புட்டியைத் தூக்கித் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "அடிக்கடி மூடியத் தொறந்தா மட்டும் அரிசி வெந்துடுமா?" என்றார் நீலக்கை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்பு வராவிட்டால் முதலில் சொன்னதே உண்மையாகிவிடும். வந்துவிட்டால், ஒரு பெண்ணைச் சுவரைப் பிடித்து உட்கார வைத்தது வெறும் பூட்டிய அலமாரி. எதை வேண்டுவது என்பதில் சந்தேகமில்லை. வேண்டிக்கொள்ளத்தான் கூசியது.

சதை தெளிந்தபோது சிவப்பு தெரிந்தது. மாற்றமுள்ள ஒவ்வொரு குட்டியிலும் தெரிந்தது. எலும்பு குட்டைதான், நல்லதின் முக்கால் நீளம்கூட வராது. முனைக் குருத்தெலும்பு ஒழுங்கில்லாமல் தடித்திருந்தது. விலாக்கூடும் சற்று ஒடுக்கம். ஆனால் எலும்பு இருந்தது.

போனில் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. "நீயே வந்து பாரு" என்றாள்.

சின்னவள் வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. வயிறு மேஜையில் இடிக்காதபடி பக்கவாட்டில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் குனிந்தாள்.

"இதுல எது நம்ம ஆளு?"

"இடது பக்கம். குட்டையா இருக்கு பாரு."

பெரியவள் எதையும் மறைக்கவில்லை. விலாவின் ஒடுக்கத்தையும் காட்டினாள், மூச்சுக்குச் சிரமம் வரலாம் என்றாள். எலி வேறு, மனுஷப் பிள்ளை வேறு, இதை வைத்து அதை அளக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

சின்னவள் மறுபடி குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"வச்சுக்கறதுன்னு டாக்டர்கிட்ட சொல்லப்போறேன். விலா விஷயத்த அவர்கிட்டயே கேட்டுக்கறேன். நாளைக்கு நீயும் வா."

"வரேன்டி."

"வந்து பக்கத்துல உக்காரு. வாய மட்டும் தொறக்காதே."