ஒன்பதாம் நம்பரைப் பெண் பார்க்க வந்தவர்கள்

“அந்தக் கோப்பையைக் கட்டிலுக்கு அடியில தள்ளு! பூட்ஸ் எங்க? சீக்கிரம், வந்துடுவாங்க!”

தையல்காரம்மாவின் கணவர் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். சின்ன மகள் வெளிநாட்டில் கால்பந்து விளையாடி வாங்கிய கோப்பைகளும் பதக்கங்களும் ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு அடியில் போயின. திருட்டுச் சாமான் வைத்திருப்பவன்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டான்.

“ஏங்க, அவ ஜெயிச்சுத்தானே வாங்கினா?”

“ஜெயிச்சதுதான் வம்பு. அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு மைதானத்துல ஓடுறவன்னு தெரிஞ்சா, வர்ற ஒரு இடமும் போயிடும். வங்கியில வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ வாயைத் தெறக்காதே!”

அவள் திறக்கவில்லை. பயம் அவளுக்கும் இருந்தது. சின்னவளுக்கு இருபத்தெட்டு வயது. அவளோடு படித்த பெண்களின் பிள்ளைகளுக்கெல்லாம் தையல்காரம்மாதான் பள்ளிச் சீருடை தைத்துக்கொடுக்கிறாள். அளவெடுக்க வரும் தாய்மார்கள் எல்லாரும் ‘சின்னவளுக்கு எப்பக் கல்யாணம்?’ என்று அதே கேள்வியைத்தான் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

சின்னவளுக்குக் கவலையே இல்லை. தையல் மேசைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பள்ளியில் பையன்கள் அணிக்கு ஓர் ஆள் குறைந்த அன்று சும்மா உள்ளே போனவள்தான், அதற்கப்புறம் வெளியே வரவே இல்லை. வெளிநாட்டுக் கிளப் ஒன்று அழைத்துக்கொண்டது. முதல் வருஷம் முழுக்க ஓரத்தில் பெஞ்சைத் தேய்த்தாள். மொழி தெரியாது, குளிரில் விரல் மரத்துப்போகும், போனில் அம்மாவைப் பார்த்து ஓவென்று அழுவாள். பிறகு முன்னால் ஆடுகிறவளுக்கு முழங்காலில் அடிபட, இவளை இறக்கினார்கள். அன்றைக்கே இரண்டு கோல். அன்றிலிருந்து ஒன்பதாம் நம்பர் சட்டை இவளுடையது. போன மாதம் இறுதி ஆட்டத்தில் வெற்றி தந்த கோலும் இவள் போட்டதுதான். இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கிளப் கேட்டிருக்கிறது.

“கல்யாணம் வேணாம்னு நான் சொல்லலையே. விளையாட விடுற வீடாப் பாருங்க, அவ்வளவுதான்” என்று அம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருப்பவர், சாது. அவருடைய அம்மா சிரித்த முகமாக வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தார். அப்பா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊதல் இல்லாமலே வண்டியைக் கிளப்பும் குரல்.

“பொண்ணுக்கு வங்கியில என்ன வேலை?”

“முன்னாடி… முன்னாடி நிக்கிற வேலைங்க” என்று கணவர் திருதிருவென முழித்தார்.

சின்னவள் தேநீர்த் தட்டோடு வந்தாள். அவள் நீட்டிய தேநீரை எடுத்து நிமிர்ந்த கார்டின் கை பாதியில் நின்றது.

“ஒம்பதாம் நம்பர்!”

தேநீர் மடியில் கொட்டியதுகூடத் தெரியாமல் எழுந்து நின்றார். “டேய், இது யாரு தெரியுதா? ராத்திரி முழிச்சு டி.வி.யில பார்ப்பேனே, அந்த நம்ம டீம் ஃபார்வர்டுடா! தரகர் காட்டின பழைய போட்டோவுல அடையாளமே தெரியலையே! போன மாசம் ஒரு கோல் போட்டியேம்மா, நான் குதிச்ச குதியில கட்டில் கால் ஒடிஞ்சுபோச்சு!”

குட்டு உடைந்தது. ஆனால் வீடே கலகலத்தது. கார்டு சர்க்கரைக் கிண்ணத்தைக் கோல்கீப்பராக்கி, பிஸ்கட்டுகளை எதிரணியாக வரிசையில் நிறுத்தினார். “இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல புகுந்து, வலது காலால ஒரே போடு!”

“இடது கால் சார்.”

“இடது காலாம்டா! இடது காலாம்!”

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று கண்டுகொண்ட கணவர் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய்க் கோப்பைகளை வெளியே இழுத்தார். “முதல் பந்து வாங்கிக் குடுத்ததே நான்தாங்க” என்றார், வாயெல்லாம் பல்லாக. பந்தைப் பரண்மேல் ஒளித்துவைத்தவர் அவர். தையல்காரம்மாவுக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல இடம்தான் அமைந்துவிட்டது என்று அவள் மனசு குளிர்ந்தது.

“அப்ப பேசி முடிச்சிடலாம்” என்றார் கார்டு. “ஒரே ஒரு சின்ன விஷயம். கல்யாணத்துக்கு அப்புறம் இந்த விளையாட்டை நிறுத்திடணும்.”

சின்னவளின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. “அடுத்த வருஷம் நம்ம டீம் ஜெயிக்க வேணாமா சார்?”

கார்டுக்கு நிஜமாகவே வலித்தது. “ஜெயிக்கணும்மா! கண்டிப்பா ஜெயிக்கணும்! ஆனா அதுக்கு வேற வீட்டுப் பொண்ணுங்க இருக்காங்கல்ல? வேற வீட்டுப் பொண்ணு ஓடினா நான் விடிய விடியக் கைதட்டுவேன். என் வீட்டு மருமக நாலு பேர் பார்க்க ஓடினா, நான் தெருவுல தலைகாட்ட முடியுமா?”

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அதுக்கென்னங்க, நிறுத்திட்டாப் போச்சு…” என்று கணவர் இழுத்தார்.

“நிறுத்த மாட்டா” என்றாள் தையல்காரம்மா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் நடுங்கவில்லை. “நீங்க நல்லாக் கைதட்டுங்க. உங்களுக்கு என் பொண்ணு வேற வீட்டுப் பொண்ணாவே இருந்துட்டுப் போகட்டும்.”

சின்னவள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கணவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைப்பதா, மறுபடியும் ஒளிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். வாசற்படி தாண்டிய கார்டு அசடு வழியத் திரும்பி வந்தார். “வந்தது வந்துட்டோம்… ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாமாம்மா?”

சின்னவள் பெருந்தன்மையாகப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் மனைவிதான் எடுத்தார். எடுத்துவிட்டு, போனைக் கார்டிடம் நீட்டும்போது, “நல்லா விளையாடும்மா” என்று சின்னவளிடம் மெல்லச் சொன்னார். கார்டுக்கு அது காதில் விழவில்லை. படத்தையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

“இதைப் பெருசாப் போட்டு எங்க வீட்டுக் கூடத்துலயே மாட்டப்போறேன்! வர்றவங்க போறவங்க எல்லாரும் பார்க்கட்டும்!”

வண்டி தெருமுனை திரும்பியதும் தையல்காரம்மா கணவரைப் பார்த்தாள்.

“கேட்டீங்களா? அந்த வீட்டுல நம்ம பொண்ணுக்கு இடம் கிடைச்சிடுச்சு. சுவத்துல.”