மஞ்சள் கொடி கட்டிய கடை

கொழுந்தன் கடை வரிசையில் நிற்பதே சுவீ இம்முக்கு மானக்கேடாக இருந்தது. முன்னாலும் பின்னாலும் வெள்ளை உடுப்புக்காரர்கள், சீனர்களின் ஒன்பது பேரரசர் சாமிக்கு விரதம் இருப்பவர்கள். காப்பிக்கடை முகப்பில், இங்கே சைவம்தான் என்பதற்கு அடையாளமாக மஞ்சள் கொடி தொங்கியது. அதன் கீழே கொழுந்தன் தெய்க் லியோங் கரி அடுப்பில் கொய்தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தான். இந்த ஒன்பது நாளும் முட்டை, இறால், சிப்பி, பன்றிக்கொழுப்பு எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் பாதிப் பினாங்கு அவன் புகையை மோந்துகொண்டு வந்து நின்றது. அந்தப் புகைதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

மாமனார் ஒரு புத்தாண்டு விருந்தில், குடும்பமே கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, மூத்தவனை விட்டுவிட்டு இளையவன் கையில் கடைக் கரண்டியைக் கொடுத்தார். பெரியவன் வறுத்தால் கஞ்சியாகிவிடும் என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவன் தெய்க் ஹூய்யும் கூடச் சேர்ந்து சிரித்தான், அடுத்த வாரமே லாரி ஓட்டப் போய்விட்டான். சிரிக்காதவள் சுவீ இம் ஒருத்திதான். அன்றிலிருந்து இந்தக் கடைப்பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை.

நாளை மறுநாள் தெய்க் ஹூய்க்கு நெஞ்சில் அறுவை. அதற்காகத்தான் விரதம் நேர்ந்துகொண்டாள். கறி பட்ட பாத்திரத்தையெல்லாம் கழுவி அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டு, சாமி படத்தின் முன்னால் ஒன்பது நாளும் ஒரு பருக்கையில்கூட விரதம் தவறாது என்று சொல்லியிருந்தாள். இன்று காலையில், சில நாளாகக் கஞ்சியைக்கூடத் தள்ளிக்கொண்டிருந்த மனுஷன், தம்பி கடைக் கொய்தியாவ் ஒரு வாய் கிடைத்தால் போதும் என்றான். கடைசி ஆசை மாதிரி பட்டது அவளுக்கு. அந்தப் பயமே கோபமாக மாறியது. ஒழுகாத டப்பா வேண்டுமே என்று, உச்சியிலிருந்து நீல மூடி போட்ட ஒன்றை எட்டி இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"அண்ணன் எப்படி இருக்காரு, அண்ணி?" வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"இருக்காரு." டப்பாவை நீட்டினாள். "அவருக்குத்தான். ஒழுங்கா வறு."

மற்றவர்களுக்கு ஒழுங்கில்லாமலா வறுக்கிறேன் என்று அவன் முனகியது அவள் காதில் விழாமல் இல்லை.

வாங்கியதும் அவள் கிளம்பிவிடவில்லை. கொழுந்தனை நம்பி அப்படியே கணவன் வாயில் வைக்க மனம் வரவில்லை. மூலை மேசையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். ஓரம் கருகி, சோயா கிச்சாப் நிறம் ஏறி, முளைப்பயறு இன்னும் விறைப்பாக இருந்தது. நடுவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்றுதான் எரிந்தது. அடுத்த வாய் மேலாக அள்ளியது. புகைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, கொஞ்சம் இனிப்பாக, அண்ணத்தில் ஒட்டியது. ஏழு நாளாகக் கொழுப்புப் படாத நாக்குக்குத் தப்புமா? தெரிந்துகொள்வதற்குள் விழுங்கியிருந்தாள்.

டப்பாவை அடுப்புமேடையில் கொண்டுபோய் வைத்தாள்.

"இதுல பன்னிக்கொழுப்பு போட்டிருக்கே."

மெதுவாகச் சொல்ல அவள் நினைக்கவில்லை. பக்கத்து மேசைக் கிழவர் குச்சிகளைக் கீழே வைத்தார். வரிசையில் ஒருத்தி மஞ்சள் கொடியைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். பின்னால் நின்ற சிலர் நழுவினார்கள். தெய்க் லியோங் முகம் கரித்தணலாகச் சிவந்தது. விரதத்துக்கென்றே புது வாணலி, புது எண்ணெய், கொழுப்பு டின் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். செத்துப்போன அப்பா மேல் சத்தியம் என்றான்.

"யாரு மேல சத்தியம் பண்றே? ஓரவஞ்சனை பண்ண அந்தக் கிழவன் மேலயா?"

அவன் டப்பாவைப் பிடுங்கினான். கொய்தியாவை மோந்தான். பிறகு மூடியை மோந்தான். அதன் உள்விளிம்பில் இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினான். ஆவி பட்டு இளகிய கொழுப்பு வளையத்தடியில் மினுங்கியது.

"அண்ணி, வீட்டுல வறுத்த கொழுப்பை எதுல போட்டு வைப்பீங்க?"

அலமாரி உச்சி அவள் கண்முன் வந்து நின்றது. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதையாகிவிட்டது. அவன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மூடியை வரிசை நெடுக எடுத்துப்போய் ஒவ்வொரு மூக்குக்கும் காட்டினான்.

"நல்லவேளை, எங்கப்பா கரண்டிய அந்த வீட்டுல குடுக்கல."

சிரிப்பு எழுந்தது. கிழவர் குச்சிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சுவீ இம் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"நாளன்னிக்கு அவருக்கு நெஞ்சத் திறக்கறாங்க. அதுக்குத்தான் இந்த விரதம்."

அவன் கையில் மூடி அப்படியே நின்றது.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா? கரண்டியத் திருப்பிக் குடுத்திருப்பியா?"

அவன் அடுப்புக்குப் போனான். டப்பாவில் இருந்ததைக் குப்பையில் கொட்டிவிட்டு, அடுத்து நின்றவரைத் தாண்டி, புதிதாக ஒன்று வறுத்தான். காகிதத்தில் மடித்து, அவள் கையில் கொடுக்காமல் மேடை விளிம்பில் வைத்தான். காலி டப்பாவை அதன் பக்கத்தில் தள்ளினான்.

"சூடா குடுங்க." குரலைத் தாழ்த்தினான். "விரதம் உங்க கையாலதான் முறிஞ்சுது. பின்னால ஏதாவது ஆச்சுன்னா என் கடைப் பேரை இழுக்காதீங்க."

அவள் வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் கால்கள் பின்பக்கம் தட்டு கழுவும் குழாய்க்குப் போயின. பொட்டலத்தைத் திட்டில் வைத்துவிட்டு, ரப்பர் வளையத்தைப் பிடுங்கி நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். பச்சைத் தண்ணீரில் கொழுப்பு போகவில்லை. வெள்ளையாக உறைந்து நகத்தடியில் புகுந்துகொண்டது. முன்பக்கம் மறுபடி வாணலி சீறியது, புகை இங்கேவரை வந்தது.

பைக்குள் போன் அடித்தது. இந்த நேரத்தில் கூப்பிட ஒரே ஆள்தான் உண்டு. வாங்கிவிட்டாயா என்று கேட்பான், தம்பி என்ன சொன்னான் என்று கேட்பான். சுவீ இம் பிசுபிசுத்த பத்து விரல்களையும் விரத வெள்ளைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்கத் தொடங்கியது.