இரண்டு அட்டைகள்

"மழை வந்து மணலெல்லாம் தூக்கினு போயிடுச்சா டீச்சர்?" என்று பிராமி கேட்டபோது எழிலரசி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கன்வாடி வாசலில் பிள்ளைகள் விளையாடும் மணல்மேடு முந்தைய நாள் மழையில் கரைந்துபோயிருந்தது. காலையிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். கேட்டது இவள் ஒருத்திதான்.

"ஆமா, போய் உக்காரு" என்றாள் எழிலரசி.

பிராமிக்கு மூன்று வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதே அங்கன்வாடிக்கு வரும் எழிலரசியின் மகள் சுருதி அவளைவிட நான்கு மாதம் மூத்தவள். அம்மா, தா, பூ, வேணாம் என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சொற்கள்தான் இதுவரை சுருதிக்கு வந்திருந்தன. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தைக் காட்டுவாள்.

வேங்கிக்காலில் எழிலரசி அங்கன்வாடி டீச்சராக வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்புதான் மூளை வேகமாக வளர்கிறது, பிள்ளைகளோடு பேசுங்கள், கேள்வி கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள் என்று தாய்மார்களுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தொண்டை வறண்டிருக்கும். சுருதி கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒருநாள் கேழ்வரகு அரைக்கப் போனபோது பிராமியின் அப்பா சாந்திகுமாரை அவருடைய மாவு மில்லில் பார்த்தாள். மிஷின் இரைச்சலில் அவர் குனிந்து மகளின் காதருகே ஏதோ கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே குனிந்தபடி நின்றார். குழந்தை யோசித்தது, மாவைத் தொட்டு மோந்தது, பிறகு என்னவோ சொன்னது. அவர் சிரித்தார். கல்யாண வீட்டில் அடுத்தவள் கழுத்து நகையைப் பார்த்தபோதுகூட எழிலரசிக்கு வயிறு அப்படி எரிந்ததில்லை.

அதன்பிறகு பாட்டுச் சொல்லும்போது பிராமியைப் பின்வரிசையில் உட்காரவைத்தாள். ஜுரம் வந்து ஒரு வாரம் இவள் வராமலிருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருநாள் நினைத்தாள். உடனே பயந்துபோய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த மாதம் வளர்ச்சி அட்டைகளை நிரப்பினாள். மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா என்ற இடத்தில் சுருதிக்கு 'ஆம்' என்று போட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து வந்தது பிராமியின் அட்டை. 'இல்லை' என்று எழுதிவிட்டு வேகமாக அட்டையைக் கவிழ்த்துவைத்தாள்.

பத்து நாள் கழித்து சாந்திகுமார் பிராமியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். புருவத்தில் எப்போதும் ஒட்டியிருக்கும் மாவு அன்று இல்லை.

"மில்லு தொறக்கல டீச்சர். நேத்து சூப்பர்வைசர் மேடம் நீங்க எழுதின அட்டையப் பாத்துட்டு போன் பண்ணாங்க. இவளுக்குப் பேச்சு கம்மியா இருக்குதாம். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போய் காட்டச் சொன்னாங்க."

எழிலரசி பிராமியின் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்ல ஜாஸ்தியாதான் பேசுறா. ஆனா எனக்குப் புரியறது மத்தவங்களுக்குப் புரியலையோ என்னமோ. மிஷின் சத்தத்துல வச்சினு இருந்தனே, அதான் காது போயிடுச்சோன்னு ஒரே யோசனை. நீங்க தினம் பாக்குறவங்க. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்."

கை தவறிப் போட்டுவிட்டேன் என்று சொன்னால் போதும். நிம்மதியாகப் போய்விடுவார், நன்றிகூடச் சொல்வார். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சொந்தக் காதால் கேட்டதை நம்பாமல் அவள் எழுதியதை நம்பிக்கொண்டு ஒரு மனிதர் எதிரே நிற்கிறார்.

"இவளுக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லா பேசுறா" என்றாள். "தெரிஞ்சேதான் அப்படிப் போட்டேன். எம்பொண்ணுக்குத்தான் பேச்சு வரல."

வெளியே யாரிடமும், தன் கணவனிடம்கூட, அவள் அதுவரை சொல்லாத வாக்கியம் அது.

சாந்திகுமார் மூலையில் உட்கார்ந்திருந்த சுருதியைப் பார்த்தார். பிறகு எழிலரசியைப் பார்த்தார்.

"இவ உங்கள என்னா பண்ணா டீச்சர்?" என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள நினைப்பவர்போலக் கேட்டார்.

"மேடத்துகிட்ட நானே சொல்லிடறேன். ரெண்டு அட்டையையும் மாத்திடறேன்" என்றாள்.

அவர் தலையாட்டவில்லை. மகளைத் திரும்ப அழைத்துப்போவதா, விட்டுப்போவதா என்று தெரியாமல் நின்றார். பிராமி அதற்குள் கையை உருவிக்கொண்டு ஓடி சுருதியின் முன்னால் குந்தினாள்.

"உங்க வீட்டு ஆட்டுக்குட்டி எங்க தூங்கும்?"

சுருதி தலையைத் தூக்கினாள். 'கட்டிலுக்கு அடியில' என்று எழிலரசியின் வாய்வரை வந்துவிட்டது. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். பிராமி இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தன் அப்பாவைப் போலவே முகத்தைச் சாய்த்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாந்திகுமாரும் வாசலைவிட்டு நகரவில்லை. சுருதியின் வாய் மெதுவாகத் திறந்தது.