இரண்டு கையும் தூக்கினால்

இப்போதெல்லாம் எழவு வீட்டில்கூட எல்லாரும் சிரிக்கிறார்கள். வெட்கங்கெட்டவர்கள் என்று திட்டவும் வழியில்லை, சிரிப்பை இறக்கி வைக்க அவர்களால் முடிவதில்லை. சுற்றுலாத் துறை இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து பயிற்சி கொடுத்த வருடத்திலிருந்து இப்படித்தான்.

அதற்கு முன்பே நாட்டுக்கு வெளியாள் வரத்து குறைந்துபோயிருந்தது. வந்தவர்கள் சொன்ன குறையெல்லாம் ஒன்றுதான்: ரோடு குண்டும் குழியும், கக்கூஸில் தண்ணீர் கிடையாது, ஏரியில் ஓட்டைப் படகு. தலைநகரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் சிரிப்பதில்லை, அதுதான் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். லாட்ஜ் மாடியில் கண்ணாடிகளை வரிசையாக மாட்டி, படகுக்காரர்களையும் கடைக்காரர்களையும் படுக்கை விரிக்கிற பெண்களையும் உட்காரவைத்து, பல்லுக்கு நடுவே பென்சிலைக் கடிக்கச் சொன்னார்கள். சில வாரம் கழித்துப் பென்சிலை உருவியபோது சிரிப்பு வாயோடு தங்கிவிட்டது. பல் டாக்டர் வந்து பார்த்தார், இனி இது இப்படித்தான் என்றார். அவரும் பயிற்சிக்குப் போனவர்தான், சிரித்துக்கொண்டே சொன்னார்.

படகோட்டிக் கிழவர் மட்டும் போகவில்லை. "சிரிப்பு வந்தா சிரிக்கப் போறேன். பென்சிலக் கடிக்க நான் என்ன எலியா?" என்றார். லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊர் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பேர் வைத்தது. படகு மகன் கைக்குப் போனது. மகன் பென்சில் கடித்தவன்.

ஒரு மத்தியானம், படகு ஓட்டையை அடைக்கத் தார் வாங்கக் கிழவர் சந்தைக்குப் போயிருந்தார். அக்கரையில் ஆள் காத்திருக்கிறது என்று மகன் அவசரத்தில் படகை எடுத்தான். நடு ஏரியில் படகு வாய் பிளந்தது, நங்கூரக் கயிறு காலைச் சுற்றிக்கொண்டது. அவன் கையைத் தூக்கினான். சிரித்தபடி இறுகிப்போன வாயிலிருந்து அலறல் வராது என்பது அன்றுவரை யாருக்கும் தெரியாது. கரையில் நின்ற சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுத்து, பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். கடைக்காரர்களும் ஆட்டினார்கள். அவன் பெண்டாட்டியும் ஆட்டினாள்.

எழவுக்கு வந்த கூட்டம் பூராவும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மருமகளின் கண்ணீர் வழிந்து சிரிப்புக்குள் இறங்கியது. அழுவதற்கு வாய் மிச்சமிருந்தவர் கிழவர் ஒருவர்தான். எல்லாருக்கும் சேர்த்து அவரே அழுதார். அந்த வருடத்து விளம்பரத் தட்டியில் மகனின் தூக்கிய கை இருந்தது, கீழே 'வாங்க, காத்திருக்கிறோம்' என்று எழுதியிருந்தது. ஒரு பருவம் கூட்டம் வந்தது. அப்புறம் ரோட்டை நினைத்து நின்றுவிட்டது.

மேலும் இரண்டு படகுக்காரர்கள் இதே மாதிரி போனபிறகு துறை உத்தரவு போட்டது: ஒரு கை தூக்கினால் வரவேற்பு, இரண்டு கையும் தூக்கினால் ஆபத்து. கொஞ்ச நாள் நன்றாகத்தான் நடந்தது. அப்புறம் இரண்டு கையும் தூக்கினால் போட்டோ இன்னும் எடுப்பாக இருப்பதைச் சுற்றுலாக்காரர்கள் கண்டுகொண்டார்கள். "ரெண்டு கையையும் தூக்குங்க, ரெண்டையும்!" என்று கரையிலிருந்து கத்துவார்கள். வருகிற நாலு பேரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? படகுக்காரர்கள் தூக்கினார்கள்.

முங்கிய படகை இழுத்து வந்து சரிபண்ணி மருமகளே ஓட்ட ஆரம்பித்தாள். கிழவர் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"வேற யாரு மாமா ஓட்டுவா? அடுப்பு எரியணும்ல?" என்று சிரித்தாள். அவளுக்கு வேறு முகம் இல்லை.

அதிலிருந்து கிழவர் பழைய தோணி ஒன்றைக் கரையில் போட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு கையும் தூக்கும்போதெல்லாம் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். "போட்டோவுக்கு மாமா, சும்மாதான்" என்பாள். திட்டிவிட்டுத் திரும்புவார். மறுபடி தூக்குவாள், மறுபடி போவார். வருடக்கணக்காக இப்படியே போனது. ஊருக்கு அது பழகிவிட்டது, சுற்றுலாக்காரர்கள் அதையும் படம் எடுத்தார்கள்.

கடைசியாகத் துறை அதிகாரி ஒருவர் சிரித்த முகத்தோடு வந்தார். "பெரியவரே, லைசென்ஸ் இல்லாத தோணி ஏரிக்கு அழகா இல்ல. என்ன செஞ்சும் கூட்டம் வரமாட்டேங்குது, ஏன்னே புரியல."

"ரோட்டப் போடு. கக்கூஸுக்குத் தண்ணி விடு. ஓட்டைப் படகையெல்லாம் கொளுத்து."

"அது வேற துறைங்க."

நடு ஏரியில் மருமகள் இரண்டு கையையும் தூக்கினாள். முகம் நிறையச் சிரிப்பு. கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கையை ஆட்டினார்கள், அதிகாரியும் ஆட்டினார்.

"வரவேற்புதாங்க அது. நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"என் மகனையும்தான் ஊரே பாத்துட்டிருந்துச்சு" என்றார் கிழவர். முதுகைக் காட்டி நடந்து, தோணிக் கயிற்றை அவிழ்த்தார்.