அம்மன் முகம் கறுத்த காரணம்

கோயிற் சுவரிலிருந்த அம்மன் படத்தின் முகம் இந்த மாரி மழையோடு முற்றாகக் கறுத்துவிட்டது. பூசையை விட்டுவிட்டுக் கரம்பொன் பள்ளிக்கூடத்துக்கு இரசாயனம் படிப்பிக்கப் போன ஐயருடைய மகனால் வந்த கோபம் என்று நயினாதீவில் பேச்சு. அப்பா சோமாஸ்கந்த ஐயர் அதை மறுக்கவில்லை. தை பிறந்ததும் வேலையை விட்டு வந்துவிடு என்று மகனுக்குக் கடிதம் எழுதினார்.

மகன் கைலாசநாதனுக்குக் காரணம் தெரியும். படத்தின் முகத்தில் பூசியிருந்தது ஈய வெள்ளை வர்ணம். கடற்கரையில் ஒதுங்கி அழுகும் சாதாளைப் பாசியின் கூழ்முட்டை நாற்றம் பட்டுப்பட்டு அது கறுத்துவிட்டது. ஐதரசன் பரவொட்சைட்டைத் தடவினால் மறுபடி வெளுக்கும். இறக்குமதித் தடையில் அந்த மருந்து கடை எதிலும் இல்லை. ஆய்வுகூட அலுமாரியில் பேரியம் பரவொட்சைட்டுப் போத்தல் ஒன்று கிடந்தது. அதைச் சல்பூரிக்கமிலத்தில் இட்டால் வேண்டியது கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபின், நாள் முழுக்க நின்று களைத்த காலோடு தொடங்கினான். அவசரத்தில் பாதித் தூளை ஒரேயடியாகக் கொட்டினான். கண்ணாடி முகவை சுட்டது, நுரைத்தது. உண்டான மருந்து அந்தச் சூட்டிலேயே சிதைந்து ஒட்சிசனாகப் பறந்துபோயிற்று. அமிலமும் தண்ணீரும் வெள்ளைச் சேறும்தான் மிச்சம்.

"அம்மனுக்கு அசிட் அபிசேகமோ, சேர்?" என்றார் ஆய்வுகூட உதவியாளர் சரவணமுத்து.

"பகிடியை விடுங்கோ அண்ணை. இதுக்கு ஐஸ் வேணும்."

"மீன் வாடியிலை கேக்கலாம். ஐயர் வீட்டுப் பிள்ளைக்கு மீன் ஐஸ். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டிகளுக்குள் முகவையை இறக்கி, மிஞ்சிய தூளைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்கினான். ஒவ்வொரு சிட்டிகைக்கும் பேரியம் சல்பேற்று வெள்ளை மண்டியாக அடியில் இறங்கியது. கை உளைந்தது. வடித்தெடுத்த தெளிவில் ஊதாநிறப் பேர்மங்கனேற்று ஒரு துளி விட்டான். நிறம் போய்விட்டது. மருந்து சரி.

சனிக்கிழமை மத்தியானம், நயினாதீவுக் கோயிலில் நடை சாத்தியபின், அப்பாவுக்கு முன்னால் நின்று பஞ்சில் தொட்டுத் தடவினான். நெற்றி வெளுத்தது. பிறகு மூக்கு, கன்னம்.

"பாத்தீங்களோ அப்பா. கோபமும் இல்லை, ஒண்டும் இல்லை. சாதாளை நாத்தம்தான்."

"கோபமில்லை எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீங்கள்?"

ஐயர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் இருந்தார். "முழங்கால் மடக்க ஏலாமக் கிடக்கெண்டு எழுத வெக்கமாயிருந்தது. அம்மன் கூப்பிடுறா எண்டால் வருவாய் எண்டு நினைச்சனான்."

கைலாசநாதன் போத்தலை மூடினான். நேற்றுப் பட்ட அலுப்பு முழுக்க இப்போதுதான் தெரிந்தது.

"வேலையை விடமாட்டன் அப்பா. சனி ஞாயிறு நான் செய்யிறன். மற்ற நாளுக்கு ஒராளைப் பிடிப்பம்."

"இந்தத் தீவிலை ஆரைப் பிடிக்கப் போறாய்?"

கைலாசநாதன் சட்டையைக் கழற்றிக்கொண்டு, பின்னேரப் பூசைக்குக் குளிக்கக் கிணற்றடிக்கு நடந்தான்.