நாவல் சாறும் பலாச்சுளையும்

வரிசை நகரவில்லை. மதிவாணன் நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், வாசல்வரை போய்விட்டு மறுபடி வந்து உட்கார்ந்தான். மருத்துவமனைக் கூடத்தில் மின்விசிறி நன்றாகவே சுற்றியது. அவன் சட்டை மட்டும் முதுகோடு ஒட்டியிருந்தது.

நெய்வேலியில் சுரங்கத்துக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸுக்கு அவன் கான்ட்ராக்ட் டிரைவர். டிரைவர்களுக்கான போன வருட மருத்துவச் சோதனையில் சர்க்கரை தெரிந்தது; மாத்திரை எழுதிக் கொடுத்து, ஓட்ட விட்டார்கள். இந்த வருடமும் ஏறியிருந்தால் ஸ்டியரிங் போய்விடும். பஸ் கழுவச் சொல்வார்கள், இல்லை வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பலாக் காலத்தில் அவனால் வாயைக் கட்ட முடியாது. மனைவி செவ்வந்திக்குப் பலாத்தோப்புகள் நிறைந்த காடாம்புலியூர். பிறந்த வீட்டிலிருந்து பழம் வந்து இறங்கியபடி இருக்கும். அவன் பஸ்ஸில் வரும் பரமசிவம் அதற்கு ஒரு வழி சொன்னார். திருநெல்வேலிக்காரர், சுரங்கத்தில் பர்மனென்ட் ஆபரேட்டர். நாவல் கொட்டையை இடித்துச் சுண்டக் காய்ச்சிய சாற்றைப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதைக் குடிச்சிட்டுச் சுளையத் தின்னும்வே. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போயிரும்."

அதுமுதல் காலையில் மாத்திரை, மேலே சாறு, அதற்கு மேலே ஒரு கிண்ணம் சுளை, பிறகு இட்லி. சோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் இன்று சுளையையும் இட்லியையும் விட்டான். மாத்திரையையும் சாற்றையும் விடவில்லை. கூடுதல் பலமாக இருக்கட்டுமென்று சாற்றை இரண்டு டம்ளராகக் குடித்திருந்தான்.

"என்னாங்க, கை இப்படி ஆடுது?" என்றாள் செவ்வந்தி.

"பசி."

"சக்கரை போட்டு ஒரு டீ வாங்கியாரட்டா?"

"தின்னா ஏறிடும்னுதான பொறுத்துகினு கெடக்கறேன். ஏறுனா நீயா பஸ்ஸ ஓட்டுவ?"

"ஓட்டுவேன். உங்கள மாதிரி ஹாரனப் புடிச்சித் தொங்கிகினு இருக்க மாட்டேன்."

எதிரே இருந்தவர் சிரித்தார். மதிவாணன் அவரையே பார்த்தான். யாரென்று பிடிபடவில்லை. தினமும் அவன் பஸ்ஸில் முன் சீட்டில் வருகிற மனிதர்தான்.

செவ்வந்தி அதைக் கவனித்துவிட்டாள். வரிசையை மீறி உள்ளே போய் நர்ஸ் உமாராணியைக் கையோடு கூட்டிவந்தாள். நர்ஸ் அவன் விரலில் குத்தி, கையடக்கக் கருவியைப் பார்த்தாள்.

"நாப்பத்தெட்டு."

"கொறைஞ்சிடுச்சில்ல? பாஸ்தான?" அவன் முகம் மலர்ந்தது.

அவள் குளுக்கோஸைக் கரைத்து வாயருகே நீட்டினாள். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். "மொதல்ல அந்த நம்பர எழுதிக்குங்க சிஸ்டர்."

"எழுதியாச்சு. குடிங்க. இதுக்குக் கீழ போனா ஆளே இருக்க மாட்டீங்க."

குடித்தான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது, கூடத்திலிருந்த முகங்கள் அவரவர் முகமாயின. மனசு மட்டும் அடங்கவில்லை.

டாக்டர் அவனை உட்காரவைத்தார். "மாத்திரை உங்களுக்கு அதிகம்போல. குறைச்சுத் தர்றேன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்துட்டு ஓட்ட விடலாம். அது தவிர வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? கஷாயம், சாறு?"

இல்லை என்று சொன்னால் பழி மாத்திரையோடு போகும். இரண்டு நாளில் ஸ்டியரிங் கைக்கு வரும். செவ்வந்தி அவனையே பார்த்தாள். போன வாரம் வீட்டில் பழம் தீர்ந்து, சுளை இல்லாமல் சாற்றை மட்டும் குடித்துவிட்டு வண்டி எடுத்த ஒரு நாள் அவனுக்கு நினைவு வந்தது. சுரங்கச் சாலை வளைவில் ரோடு இரண்டாகத் தெரிந்தது. பஸ் நிறைய ஆள். தூக்கக் கலக்கம் என்று அன்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

"நாவக்கொட்டச் சாறு குடிக்கறேங்க," என்றான். "பலாப்பழத்துக்கு ஈடா."

டாக்டர் சிரிக்கவில்லை. "நாவல் கொட்டையில விஷயம் இருக்கலாம். ஆராய்ச்சி நடந்துட்டுதான் இருக்கு. ஆனா உங்க பாட்டில்ல எது எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, காய்ச்சினவருக்கும் தெரியாது. மாத்திரையோட சேர்ந்து என்ன பண்ணும்னு எனக்கும் தெரியாது. சாற்றை நிறுத்துங்க, பழத்தையும் நிறுத்துங்க. சர்க்கரை ஒரு நிலைக்கு வரட்டும். ஒரு மாசம் ஓட்ட வேணாம்."

"மாசமாங்க?"

"அப்பவும் பார்த்துட்டுத்தான்."

வெளியே வந்ததும் போன் அடித்தது. சூப்பர்வைசர் சிங்காரவேலு.

"என்னாய்யா, பாஸா? ரெண்டாவது ஷிஃப்டுக்கு உன் பேரப் போட்டுக்கினு இருக்கேன்."

"போடாதீங்கண்ணே."

"ஏன், சக்கரை ஏறிடுச்சா?"

"எறங்கிடுச்சு."

"எறங்குனா நல்லதுதான? வந்து வண்டிய எடு."

மதிவாணன் போனை மறு காதுக்கு மாற்றினான். "அது நல்லதில்லண்ணே. வேற ஆளப் போடுங்க. ஒரு மாசத்துக்கு."

"மாசம் கழிச்சி எடம் இருக்குமான்னு நான் சொல்ல முடியாது," என்றார் சிங்காரவேலு.

"தெரியுங்க," என்றான் அவன்.