நீங்க முதல்ல எடுத்துக்கோங்க

தாத்தாவையும் பேத்தியையும் பிரித்தது ஒரு அவரைக்கொட்டை.

சுமிரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குச் சாப்பாட்டுக் குச்சிகளால் கொட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். ஆறு வயதுகூட நிரம்பவில்லை. பெரிய பள்ளி ஒன்றில் முதல் வகுப்பில் சேருவதற்கான பரீட்சையில் இதையெல்லாம் கேட்பார்களாம். ஒரு கொட்டை வழுக்கி உருண்டு ஓடியது.

"நாசமாப் போன கொட்டை!" என்றாள்.

அம்மா மசுமிக்கு முகம் வெளுத்துவிட்டது. அது யார் வாய் என்று அவள் விசாரிக்கத் தேவையே இல்லை. மாமனார் தொகுஜி ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். நடுநிலைப் பள்ளியோடு படிப்பை மூட்டை கட்டியவர். மனைவி போன பிறகு டோக்கியோவில் மகன் வீட்டோடு வந்து கிடக்கிறார்.

"மாமா, நவம்பர்ல பரீட்சை முடியுற வரைக்கும் சுமிரேகிட்ட நீங்க கொஞ்சம் பேச்சைக் குறைச்சுக்கணும்."

"பேச்சையா, வாயையா?"

"ரெண்டையுந்தான். பரீட்சை முடிஞ்சதும் எல்லாம் பழையபடி."

பழையபடி என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கிழவர் அடங்கினார். பழையபடி என்றால் என்ன? இலையுதிர் காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டி தெருவில் கூவிக்கொண்டு வரும். ஒரு கிழங்கு வாங்கி இரண்டாகப் பிய்ப்பார். "கொழுத்த பாதி எனக்கு!" என்று சுமிரே பாய்ந்து பிடுங்குவாள். அவர் விடமாட்டார். அவள் கையைக் கடிப்பாள். கடைசியில் கொழுத்த பாதி அவளுக்குத்தான். அவருக்கு இந்த வீட்டில் இருந்த ஒரே உறவு அந்தக் கடிதான்.

அந்தப் பள்ளியில் முதல் வகுப்பில் நுழைந்துவிட்டால் பல்கலைக்கழகம் வரை உட்கார்ந்தபடியே போய்ச் சேரலாமாம், படுக்கை வசதி போட்ட ரயில் மாதிரி. அந்த ரயிலில் ஏற்றிவிட ஹசுநுமா டீச்சர் ஒரு வகுப்பு நடத்துகிறாள். முயல் குட்டிக்கு வித்தை கற்றுக்கொடுப்பதுபோல அங்கே பிள்ளைகளுக்குத் துணி பிழியக் கற்றுக்கொடுக்கிறார்கள். மசுமி வீட்டில் தரையைத் துடைப்பது வட்டமான ஒரு இயந்திரம். அதனால் பிழிவதற்கென்றே ஒரு துணி வாங்கினார்கள். சுமிரே நனைத்துப் பிழிவாள். அம்மா காயவைப்பாள். மறுபடி நனைத்துப் பிழிவாள். அந்தத் துணி ஒரு நாளும் தரையைக் கண்டதில்லை.

சாயங்காலம் மகன் தெப்பெய் ஆபீசிலிருந்து வந்ததும் டையைக் கழற்றாமல், நேர்முகத் தேர்வு ஒத்திகைக்காகத் தலைமை ஆசிரியராகிவிடுவான். சுமிரே கதவைத் தட்டி, குனிந்து, நாற்காலிப் பக்கம் வந்து நிற்பாள்.

"தாத்தாவோட என்னென்ன செய்வீங்க?"

"தாத்தாவும் நானும் பூச்சி பார்ப்போம். அப்புறம் அதோட பேரைப் புத்தகத்துல தேடுவோம்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தொகுஜி கேட்டார்: "யாருடா அந்தத் தாத்தா? நான் பார்த்ததே இல்லையே."

"அப்பா, சும்மா இருங்க."

"காசு கட்டுற படகுப் பந்தயத்துக்குப் போவோம்ல. பச்சைப் படகுக்குத் தொண்டை கிழியக் கத்துவாளே, அதைச் சொல்லச் சொல்லு."

"மாமா!"

"இல்லாத தாத்தனுக்கு வீட்டுல மரியாதை. இருக்கறவன் வாயில பூட்டு. நல்லா இருக்கும்மா உங்க நியாயம்."

சுமிரே சிரிக்கவில்லை. முன்பெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது, சிரிக்கலாமா என்று அம்மாவைப் பார்த்தாள்.

பரீட்சை நாளன்று மூவரும் கருநீல உடையில் கிளம்பினார்கள். அந்தப் பள்ளி வாசலில் அன்றைக்கு எல்லாருக்கும் அதே நிறம், அதே தையல். சாவு வீட்டில்கூட இந்தக் காலத்துச் சனங்கள் இவ்வளவு ஒழுங்காக உடுத்துவதில்லை.

திரும்பி வந்ததும் மசுமி மகளைத் துருவினாள். "உள்ள என்ன செய்யச் சொன்னாங்க?"

"நிறைய அட்டைப்பெட்டி குடுத்தாங்க. அஞ்சு பேரும் சேர்ந்து ஒரு கோபுரம் கட்டணும்."

"நீ என்ன செஞ்சே?"

"பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட, 'நீங்க முதல்ல எடுத்துக்கோங்க'ன்னேன். அவ, 'பரவாயில்ல, நீங்க முதல்ல'ன்னா. ரெண்டு பேரும் கண்ணாடி போட்ட பையன்கிட்ட, 'நீங்க எடுத்துக்கோங்க'ன்னோம். அவன், 'எல்லாரும் சேர்ந்து யோசிக்கலாமா?'ன்னான். எல்லாரும் 'நல்ல யோசனை'ன்னோம்."

"அப்புறம்?"

"மணி அடிச்சுட்டாங்க."

"கோபுரம்?"

"யாரும் பெட்டிய எடுக்கவே இல்லம்மா."

தொகுஜி வாயிலிருந்த தேநீர் தெறிக்கச் சிரித்தார். "அஞ்சும் ஒரே கடைச் சரக்கு! டேய் தெப்பெய், வீடு பத்தி எரிஞ்சா இதுங்க, 'நீங்க முதல்ல ஓடுங்க'ன்னு சொல்லிக்கிட்டே வெந்து சாகுமேடா!"

மசுமி அழுதுகொண்டே ஹசுநுமா டீச்சருக்குப் போன் போட்டாள். பேசி முடித்தபோது கண் காய்ந்திருந்தது. "யாரும் பிடுங்கலையே, யாரும் அழலையே, அப்ப கவலைப்படாதீங்கன்னு சொல்றாங்க."

கிழவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஒரு பெட்டியைத் தூக்கத் துணியாத பிள்ளைகளை எந்த மடையன் சேர்த்துக்கொள்வான்? தோற்றுப்போனால் தெருமுனைப் பள்ளிதான். அங்கே நாலு பிள்ளைகள் தலைமயிரைப் பிடித்து இழுத்தால் ஒரே வாரத்தில் பேத்திக்குப் பழைய வாய் திரும்பிவிடும். முடிவு வரும்வரை அவர் மூச்சுக்காட்டவில்லை.

முடிவு வந்தது. சுமிரே தேறிவிட்டாள்.

மசுமி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். தெப்பெய் தன் அப்பாவைப் பார்த்து, கணக்கைத் தீர்த்துவிட்டவன்போல நின்றான். தொகுஜிக்கு அப்போதுதான் விளங்கியது. படித்த பெரியமனிதர்களுக்குக் கோபுரம் எதற்கு? கை நீட்டாத பிள்ளை போதும். அப்படிப்பட்ட பிள்ளையை எந்த மூலையில் வைத்தாலும் வைத்த இடத்தில் இருக்கும்.

அன்று சாயங்காலம் கிழங்கு வண்டி கூவியது. ஒன்று வாங்கி வந்து, சுமிரேயைக் கூப்பிட்டு, அவள் கண்ணெதிரே பிய்த்தார். ஆவி பறந்தது. ஒரு கையில் கொழுத்த பாதி, ஒரு கையில் மெலிந்த வால்.

"ம், எது வேணும்?"

சுமிரே கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க முதல்ல எடுத்துக்கோங்க, தாத்தா."

"பரீட்சைதான் முடிஞ்சுபோச்சேடி. பிடுங்கு!"

அவள் அசையவில்லை. எந்தப் பதிலுக்கு மார்க் என்று தேடுவதுபோல அவர் முகத்தையே பார்த்தாள்.

"நாசமாப் போன கிழங்கு, கையைச் சுடுது" என்று தூண்டில் போட்டுப் பார்த்தார்.

பல் தெரியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் வகுப்பில் கற்றதுதான். "எல்லாரும் சேர்ந்து யோசிக்கலாமா, தாத்தா?"

கிழங்கு ஆறும்வரை அவர் இரண்டு கையையும் நீட்டியபடியே இருந்தார். பிறகு, மனசில் என்ன வந்ததோ, வீம்புக்குக் கொழுத்த பாதியைத் தானே கடித்தார். இப்போதாவது பாய்வாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

சுமிரே மெலிந்த வாலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலை குனிந்து நன்றி சொன்னாள்.